லாரிக்குப் பொட்டு வைத்த டேபிள்

ஜூன் 3, செவ்வாய்

கீழ்வீட்டு டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டயரி இது. இதில் எழுதும் அளவுக்குத் தகுதியான சம்பவம் எதுவும் உலகத்தில் நடக்காததால் இத்தனை மாதம் பொறுத்திருந்தேன். இன்று நடந்துவிட்டது. நாமக்கல் பரமத்தி ரோட்டில், டயருக்குப் புதுத் தோல் ஒட்டும் கடைக்கு மேல்மாடியில், ரப்பர் வேகும் வாசனைக்கு நடுவே, உலக டேபிள்களுக்கெல்லாம் தாயான ஒரு டேபிளைச் செய்து தருவதாக வையாபுரியாகிய நான் சபதம் போட்டேன். வெளியே போய்க்கொண்டிருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. எனக்காகத்தான் அடித்தன என்பது என் கருத்து.

டேபிள் என்றால் கம்ப்யூட்டர் திரையில் வரி வரியாக, கட்டம் கட்டமாகத் தெரியுமே, அது. தலைப்பைத் தொட்டால் வரிசை மாறும். தேடினால் வேண்டியது மட்டும் நிற்கும். பார்க்க அப்பாவியாக இருக்கும். எழுதிப் பார்த்தவனுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

எங்கள் சாஃப்ட்வேர் சாம்ராஜ்யத்தில் மூன்று பேர். முதலாளி கோகிலா, என் அக்கா மகள். அவள் மாமா என்று கூப்பிடுவதால் கூட வேலை செய்யும் நௌஷாத்தும் மாமா என்கிறான், கூரியர் கொண்டுவருகிறவரும் மாமா என்கிறார். வாடிக்கையாளர்களும் மூன்று பேர்: நாச்சிமுத்து அண்ணனின் லாரி புக்கிங் ஆபீஸ், ஒரு முட்டைப் பண்ணை, ஒரு கல்யாண மண்டபம். மூன்றுக்கும் டேபிள் எழுதியது நான். ஒன்றை எழுதி, அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று. ஒன்றில் காய்ச்சல் வந்து மருந்து கொடுத்தால் மற்ற இரண்டும் இருமிக்கொண்டேயிருக்கும். போன வாரம் லாரி டேபிளில் தேதியைச் சரிசெய்தேன். மண்டபத்து டேபிள் இன்னும் ஒரு கல்யாணத்தைப் போன வருஷத்தில் நடத்திக்கொண்டிருக்கிறது.

"இனிமே முடியாது மாமா," என்றாள் கோகிலா. "வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு ரெடிமேடா டேபிள் விக்கறான். வாங்கிப் போட்டுக்கலாம்."

"எதுக்குக் கண்ணு? நான் ஒண்ணு பண்ணித் தர்றேன். ஒரே டேபிள். எங்க கொண்டுபோய் வெச்சாலும் உக்காரும்."

"எப்போ?"

"மாசக் கடைசிக்குள்ள."

"எந்த மாசம்னும் கேட்டுக்கங்க," என்றான் நௌஷாத், தலையைத் தூக்காமல்.

ஜூலை முதல் தேதி நாச்சிமுத்து அண்ணனின் ஒப்பந்தம் முடிகிறது. அவர்தான் எங்களுக்குப் பெரிய இடம். இந்த மாதம் பார்ப்பாராம், சரிப்படாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குப் போய்விடுவாராம். அவர் போனால் கோகிலா ஆபீஸைச் சாத்திவிட்டு பெங்களூரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுவாள். அங்கேயும் மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பார்களாம். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்பதுபோல இதைச் சொன்னாள். எனக்கு இதில் கவலை ஒன்றும் கிடையாது. நான் செய்வதெல்லாம் கலைக்காக.

சாயங்காலம் அக்கா போன்.

"வையாபுரி, நீ சொன்னாத்தான் அவ கேப்பா. பெங்களூர்ல கம்பெனி பஸ்ஸு வீட்டு வாசலுக்கே வருதாம். அந்தக் கடையச் சாத்திட்டுப் போகச் சொல்லு."

"சொல்றேங்க்கா."

"எப்போ?"

"நாளைக்கு."

மரகதம் வாங்கி வரச் சொன்ன கறிவேப்பிலையை மறந்துவிட்டேன். சபதம் போட்ட அன்று கறிவேப்பிலை கேட்கிற மனைவி வேறெந்த வீரனுக்கும் வாய்த்திருக்க மாட்டாள்.

ஜூன் 4, புதன்

கோகிலாவிடம் பேச நேரம் வாய்க்கவில்லை. டேபிளுக்குப் பூமி பூஜை போட்டாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

நௌஷாத் கேட்டான்: "மூணு கம்பெனிக்கும் ஒரே டேபிள்னா எப்படி மாமா? ஒருத்தருக்கு லாரி, ஒருத்தருக்கு முட்டை, ஒருத்தருக்கு முகூர்த்தம்."

ஜன்னலைக் காட்டினேன். எதிரே பாடி கட்டுகிற பட்டறையில் வெறும் சேஸிஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எஞ்சின், சக்கரம், எலும்புக்கூடு. மேலே ஒன்றுமில்லை.

"அதுமேல என்ன கட்டுவாங்க?"

"என்ன வேணும்னாலும் கட்டுவாங்க. டேங்கர், ஓப்பன் பாடி, போர்வெல் வண்டி."

"அதுக்காகக் கீழ சேஸிஸை மாத்துவாங்களா?"

அவன் எழுந்து ஜன்னலுக்கு வந்தான். "மாமா, அடிக்கடி உளறுவீங்க. இன்னிக்கு உளறலை," என்றான். பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுக்கும்போது இதைவிடக் குறைவாகத்தான் பேசுகின்றன.

ஆக, என் டேபிளுக்கு லாரியும் தெரியாது, முட்டையும் தெரியாது. வரிகளைக் கொடு, காட்டுகிறேன். தலைப்பைத் தொடு, அடுக்குகிறேன். புதிதாக ஒன்று வந்தால் யாரும் கேட்காமலே அதன் இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதுதான் என் மகுடத்தின் வைரம். பழைய டேபிளில் பட்டனை அழுத்தினால்தான் புதுத் தகவல் வரும். இதில் அருவி மாதிரி தானாக வந்துகொண்டேயிருக்கும்.

மாவு மில்லில் கூட்டம். என் முறை வருவதற்குள் ஒரு பெரிய பிழையை மனத்துக்குள்ளேயே திருத்திவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

லாரி புக்கிங் ஆபீஸில் புது டேபிள் ஏறியது. நான் நேரில் போய்த் தேங்காய் உடைத்தேன். சில்லுத் தெறித்த வேகத்தில் ஒன்று கரூர் பக்கம் போய் விழுந்திருக்கும்.

அந்த ஆபீஸின் ராணி ராசாமணி. லோடு கேட்டு ஒரு காதில் போன், லாரி கேட்டு இன்னொரு காதில் போன். எந்த லாரிக்கு முறை, எந்த லாரி எந்த ஊருக்குப் போகும், எந்த ஓனர் எத்தனை முறை குரலை உயர்த்துவார், எல்லாம் அவர் வாயில்தான் முடிவாகும். பேசி முடிந்ததும் திரையில் அந்த லாரியின் வரியைத் தொடுவார். டிரைவருக்குச் செய்தி போய்விடும்.

"வாங்க பெரியவரே. இது புதுசுங்களா?"

எனக்கு ஐம்பத்து நாலு வயது. முடி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

"பழசுல நீங்க பட்டன அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சிருக்கும். இதுல ஒண்ணும் அமுக்க வேண்டாம். லாரி செக்போஸ்ட்டத் தாண்டினா இங்க தானா வந்து நிக்கும்."

"தானா வருங்களா? அப்ப எனக்கென்ன சோலி?"

"பாத்துக்கிட்டே இருக்கறதுதான்."

மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரிகள் வந்தன, ஏறின, இறங்கின. நாச்சிமுத்து அண்ணன் பின்னால் நின்று, "பரவால்லியே," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் கடைசியாக வந்தது அவருடைய கல்யாணத்தன்றாக இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

முட்டை ஏற்றப் பாமாயில் டேங்கர் போய்விட்டது.

ஜூன் 16, அதே நாள், கொஞ்சம் தெம்பு வந்த பிறகு

விவரமாக எழுதித்தான் ஆகவேண்டும். கேரளாவுக்கு முட்டை லோடு. ஓப்பன் பாடி லாரி ஒன்றுக்குத்தான் முறை. ராசாமணி ஓனரிடம் பேசி முடித்து, வரியைத் தொட்டிருக்கிறார். செய்தி போனது ஒரு டேங்கருக்கு. அந்த டிரைவர் சொன்ன சொல் தட்டாதவர். நேரே பண்ணைக்கு விட்டு, எடைமேடையில் ஏற்றி, பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தியும் விட்டார்.

பண்ணைக்காரர் புக்கிங் ஆபீஸுக்குப் போன் செய்து கேட்ட கேள்வி இப்போது நாமக்கல்லில் குழந்தைகளுக்கும் தெரியும்: "ஏனுங்க, நாங்களே ஒடச்சு ஊத்தோணுங்களா, இல்ல உங்காளு ஒடப்பாருங்களா?"

டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, "மாமா, ஒரு ஆம்லெட் டேங்கர்," என்றார். சிரித்துவைத்தேன். சிரிக்காமல் எப்படிக் கடந்து வருவது.

இதற்குள் முறை தவறிய ஓப்பன் பாடி லாரியின் ஓனர் வந்து நாச்சிமுத்து அண்ணனின் மேசையைத் தட்டியிருக்கிறார். புக்கிங் ஆபீஸில் எது தப்பினாலும் பொறுப்பார்கள், முறை தப்பினால் பொறுக்க மாட்டார்கள். அண்ணன் கோகிலாவுக்குப் போன் செய்தார். அவள் "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சென்னைக்காரங்களை முப்பதாந்தேதி வரச் சொல்லியிருக்காராம் மாமா. நம்மளையும் வரச் சொல்றாரு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்றாராம்."

"நல்லதுதான். கூட்டத்துக்கு முன்னால ஜெயிச்சாத்தான் நமக்கும் மரியாதை."

அவள் சிரிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்குப் போனாள். நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை. படிக்கட்டில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். "மாசக் கடைசில உறுதியாச் சொல்லிடறேங்க," என்பது காதில் விழுந்தது. ஒட்டடை நிறைய இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

துப்பறியும் பணிக்காகப் புக்கிங் ஆபீஸ் போனேன். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதைச் சுற்றிக் கண்ணாடியில் பழைய பொட்டுகளின் பசைத் தடம், அம்மைத் தழும்பு மாதிரி.

"இது என்னங்க?"

"பொட்டுங்க."

"அது தெரியுது. திரைக்கு எதுக்குப் பொட்டு?"

ராசாமணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஓனருகிட்டப் பேசறதுக்கு முன்னால எந்த லாரின்னு ஒட்டிக்குவேனுங்க. அந்தாளு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. சம்சாரத்துக்கு மூட்டுவலிங்கற வரைக்கும் போவாரு. முடிஞ்சு திரும்பிப் பாத்தா எந்த லாரின்னு மறந்து போயிருமுங்க. பொட்டு எங்க இருக்குதோ அதைத் தொட்டுருவேன். எத்தன வருசமா இப்படித்தான் ஓட்டறேன். ஒரு வண்டி தப்புனதில்ல. உங்க புது டேபிளு வந்துதான் டேங்கரு போச்சு."

அப்போதுதான் விளங்கியது. பழைய டேபிள் பட்டனை அழுத்தும் வரை கல் மாதிரி நிற்கும். பொட்டும் நிற்கும், வரியும் நிற்கும். என் டேபிளோ அருவி. அவர் மூட்டுவலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மேலே ஒரு லாரி புதிதாக வந்து சேர, எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. பொட்டு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பக்கத்தில் டேங்கர் வந்து நின்றுகொண்டது.

ஆபீஸுக்கு ஓடி வந்து கோகிலாவிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன். "டேபிள் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. அந்தம்மா கண்ணாடில பொட்டு ஒட்டறாங்க. நிரூபிச்சுட்டேன்."

"யாருகிட்ட நிரூபிக்கறீங்க? அண்ணன்கிட்டயா?" என்றாள். "அவங்க தப்புன்னு நிரூபிச்சா அவரு நம்மளை வெச்சுக்குவாரா?"

பதில் சொல்ல என்னிடம் ஏராளமான வாதங்கள் இருந்தன. பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

ஜூன் 18, புதன்

அறிவிப்பு ஒன்று அச்சடித்து ராசாமணியின் திரைக்கு மேல் ஒட்டினேன்: "திரையில் பொட்டு வைக்கக் கூடாது."

ஜூன் 19, வியாழன்

அறிவிப்பிலேயே ஒரு பொட்டு வைத்திருக்கிறார். பெரிய சைஸ்.

அக்கா போன் செய்தார். நாளைக்குப் பேசுவதாகச் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

ராசாமணி சாப்பிடப் போன நேரம் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பொட்டில்லாமல் புக்கிங் செய்வது எப்படி என்று இந்த ஊருக்குச் செய்துகாட்ட வேண்டாமா. பக்கத்து சீட்டில் இருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

போன் அடித்தது. சேலத்துக்காரர் ஒருவர், கவுகாத்திக்கு இரும்பு லோடு. முறைப்படி இருந்த லாரியைப் பார்த்துக்கொண்டேன். மனத்தில் பதித்துக்கொண்டேன். நூறு யானை வந்து இழுத்தாலும் பெயராது. ஓனருக்குப் போன் போட்டேன். அவர் டீசலைப் பற்றி ஆரம்பித்தார். அங்கிருந்து அசாம் மழைக்குப் போனார். மச்சினன் பையனின் காதுகுத்துக்குப் போனார். நானும் ஏதோ காதுகுத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் லாரிகள் அதனதன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என் லாரி எது? எனக்குத் தெரிந்தது காதுகுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் மேசை டிராயரைத் திறந்து, பொட்டு அட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ராசாமணி கை துடைத்துக்கொண்டே வந்தார். "என்னுங்க பெரியவரே, வண்டியத் தொலச்சுப்போட்டீங்களா?"

"இங்கதான் எங்கியோ இருக்குது."

"ஒரு பொட்டு வெச்சிருந்தீங்கன்னா இந்நேரம் கவுகாத்திக்குப் பாதி வழி போயிருக்கும்."

அந்தப் பொட்டு அட்டையைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மண்டைக்குள் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நாமக்கல் மாவட்டம் முழுவதும் விளக்கு ஒரு கணம் மங்கி எரிந்திருக்கும்.

கண்ணாடிமேல் ஒட்டினால்தானே பொட்டு நின்றுவிடுகிறது. வரிமேலேயே ஒட்டினால்?

ஜூன் 21, சனி

லீவு நாள். மூன்று பேரும் ஆபீஸில் இருந்தோம். நான் வரச் சொல்லவில்லை. பொட்டு யோசனையைப் போனில் சொன்னேன், அவர்களாகவே வந்துவிட்டார்கள்.

திட்டம் இது. ஒரு வரியைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் அதில் சிவப்பாக ஒரு பொட்டு விழும். பொட்டு விழுந்த வரி இருந்த இடத்தைவிட்டு அசையாது. மேலே எத்தனை லாரி வந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். பொட்டை எடுத்த பிறகுதான் அது தன் வரிசைக்குத் திரும்பும்.

"மாமா, இன்னொண்ணு," என்றாள் கோகிலா. "பக்கத்து சீட்டுத் திரையிலயும் அந்தப் பொட்டு தெரியணும். இவங்க பேசிட்டிருக்கற லாரியை அவரு வேற ஒருத்தருக்குக் குடுத்துரக் கூடாதில்ல."

சொல்லும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பட்டறைக்காரன் கையில் சுத்தியல் மாதிரி அவள் கையில் பேனா. பெங்களூர்க்காரர்கள் இதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. உடனே, பார்க்கவே கூடாது என்றும் தோன்றியது.

நௌஷாத் பொட்டுக்கு ஆறு விதமாகப் படம் போட்டான். ராசாமணிக்கு அனுப்பிக் கேட்டோம். பதில் குரலிலேயே வந்தது: "எல்லாமே ஏதோ சிக்னல் லைட்டாட்ட இருக்குது. மெரூன் கலர்ல, சின்னதா, அழகா வைங்க. நாள் பூரா நாந்தானுங்களே பாக்கோணும்."

மெரூன் வைத்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

பொட்டு வேலை செய்கிறது. லாரி ஆபீஸில் நேற்றிலிருந்து முறை தப்பவில்லை. ராசாமணி என் அறிவிப்பைக் கிழித்து, மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். என் எழுத்து ஒரு நிறுவனத்தைத் தாங்கி நிற்பதை இன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஆனால் சபதம் லாரிக்கு மட்டுமல்லவே. சேஸிஸ் என்று பேசிவிட்டு ஒரே பாடியோடு நின்றால் எப்படி? அதே டேபிளை, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், மண்டபத்துக்கும் பண்ணைக்கும் ஏற்றினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மண்டபத்து மேனேஜர் சாயங்காலம் போன் செய்தார். கல்யாணத் தேதிக்குப் பெண் வீட்டார் ஒருபக்கம், வேறொரு பெண் வீட்டார் இன்னொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரே முகூர்த்தத்தை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு ஓடி ஒளிவது அவர் வழக்கமாம். இன்று தேதிக்குப் பொட்டு வைத்துவிட்டு நிம்மதியாகப் பேசினாராம். "இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

"பிறவியிலேயே வந்தது," என்றேன். பக்கத்திலிருந்த நௌஷாத் இருமினான். "லாரி ஆபீஸ் ராசாமணியக்கா," என்று திருத்திச் சொன்னேன்.

ஜூன் 28, சனி

அக்கா மூன்று முறை போன் செய்தார். டவர் சரியில்லை. நாமக்கல் கோட்டை மறைக்கிறது போலிருக்கிறது.

கோகிலா மேசை டிராயரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பழைய சார்ஜர்கள், காய்ந்த பேனாக்கள். எதற்கு இப்போது என்று கேட்டேன். "சும்மாதான் மாமா," என்றாள். பாதிப் பேனாக்களைக் குப்பையில் போட்டாள். அவள் கீழே போனதும் எழுதக்கூடியவற்றைப் பொறுக்கி டிராயரிலேயே திரும்ப வைத்தேன். நல்ல பேனாக்களை வீணடிப்பது எனக்குப் பிடிக்காது.

ஜூன் 30, திங்கள்

போர்க்களம் பற்றி எழுதுகிறேன்.

இடம் நாச்சிமுத்து அண்ணன் ஆபீஸ். ராசாமணி மேசையில் இரண்டு திரை. ஒன்றில் எங்கள் டேபிள். இன்னொன்றில் சென்னைக் கம்பெனியின் டேபிள். அதைக் கொண்டுவந்தவர் ரகுநந்தன், மடிப்புக் கலையாத சட்டை, நல்ல பையன். அவருடைய டேபிளும் அழகு. உண்மையைச் சொல்லவேண்டும். கலர் கலராகப் படம் வரைந்தது. கட்டங்களை இழுத்து எங்கு வேண்டுமானாலும் போட்டது. என் டேபிள் பக்கத்தில், கல்யாணத்துக்கு வேலை உடுப்போடு வந்தவன்மாதிரி நின்றது. கோகிலா என் முழங்கையைப் பிடித்தாள்.

அண்ணன் சொன்னார்: "பேச்செல்லாம் வேண்டாமுங்க. லோடு வர்ற நேரம். காலைல அதுல ஓட்டட்டும், மத்தியானம் இதுல ஓட்டட்டும். ராசாமணி சொல்றதுதான் தீர்ப்பு."

முதலில் ரகுநந்தன் டேபிள். வடக்கே எங்கோ ரோடு திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, லாரிகள் வந்து குவிந்தன. இமயமலை சரிந்து நாமக்கல்லில் விழுந்தாலும் அவ்வளவு வரிகள் வராது. ராசாமணி இரண்டு காதிலும் போனை வைத்து, ஒன்றைத் தோளால் இடுக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் வரியை அழுத்திப் பிடித்தார். ஒன்றும் விழவில்லை. மறுபடியும் அழுத்தினார். வரி நழுவிக் கீழே போயிற்று. பேச்சை நிறுத்தாமலே நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து ரகுநந்தனின் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டினார்.

"மேடம், ஸ்க்ரீன்ல ஒட்டாதீங்க," என்றார் ரகுநந்தன்.

"அப்ப எங்கீங்க ஒட்டறது?"

"வலதுபக்கம் வடிகட்டின்னு ஒண்ணு இருக்கு மேடம். அதுல லாரி நம்பரை அடிச்சா அது மட்டும் வரும்."

"தோள்ல ஒரு போனு, கையில ஒரு போனுங்களே. நெத்தியில அடிக்கட்டுங்களா?"

அண்ணன் தும்மல் வந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரகுநந்தன் கோபப்படவில்லை. டேபிள் செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போடுவதாகவும், அடுத்த முறை வெளியிடும்போது சேர்க்க வாய்ப்பிருப்பதாகவும் சொன்னார்.

"லோடு இப்ப வந்திருக்குதுங்களே," என்றார் ராசாமணி.

மத்தியானம் எங்கள் டேபிள். முதல் போன் வந்தது. அழுத்தினார், பொட்டு விழுந்தது. லாரிகள் அதைச் சுற்றி, தேரைச் சுற்றி ஜனம் ஒதுங்குகிற மாதிரி, ஒதுங்கிப் போயின. அந்தப்பக்கம் ஓனர் பேசினார், பேசினார், பேரனுக்குப் பல் முளைத்ததுவரை பேசினார். ராசாமணி அவசரப்படவேயில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, பாவமுங்க," என்றார். முடிந்தது, திரும்பினார், பொட்டைத் தொட்டார். போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்து சீட்டுக்காரர் தன் திரையில் பொட்டைப் பார்த்துவிட்டு, "அது அக்கா வண்டி, நான் அடுத்ததுக்குப் போறேன்," என்று தானாகச் சொன்னார். நடுவில் ஒரு டேங்கர் வந்து நின்றது. ஆபீஸே மூச்சைப் பிடித்தது. அது பாமாயில் ஏற்றத்தான் போயிற்று.

கடைசி லோடு முடிந்ததும் ராசாமணி இரண்டு போனையும் மேசையில் வைத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார். அண்ணன் கேட்டார், "என்ன சொல்ற?"

"இன்னிக்குத்தானுங்க முதல்முறையா ஒரு ஓனரு பேசறத முழுசாக் கேட்டேன். அந்தாளு சம்சாரத்துக்கு உண்மையிலேயே மூட்டுவலிதானாட்ட இருக்குது." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "இவருதே இருக்கட்டுமுங்க. நம்ம சொல்றது அவருக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் ஏறுது. ஆனா ஏறிக்கிது."

அண்ணன் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம். சங்ககிரியில் அவருடைய பங்காளி வைத்திருக்கும் புக்கிங் ஆபீஸுக்கும் வேண்டும் என்றார். ரகுநந்தன் கை கொடுத்துவிட்டு, அந்தப் பொட்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயித்தவனுக்குக் கஞ்சத்தனம் அழகில்லை.

திரும்பி வரும்போது கோகிலா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தாள், ஏறி ஓட்டத் தோன்றாதவள் மாதிரி. நானும் கூடவே நடந்தேன். என் சரித்திரத்தில் நான் பேசாமல் நடந்த ஒரே சாலை பரமத்தி ரோடுதான்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் சொற்பொழிவு ஒன்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். யாரும் இடம் கொடுக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே கோகிலா பெங்களூருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னாலேயே, இந்தமுறை படிக்குப் போகாமல்.

"ரொம்ப நன்றிங்க. இல்லீங்க, வரமுடியாது. இல்லீங்க, சம்பளத்துக்காக இல்ல. இங்க வேலை இருக்குதுங்க."

வைத்துவிட்டு, "நௌஷாத், சங்ககிரிக்கு யாரு போறது?" என்றாள். அவ்வளவுதான். பேண்டு வாத்தியம் இல்லை. கீழே டயர் கடையில் மட்டும் காற்றுப் பம்பு ஒரு முழக்கம் போட்டது.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தாள். நான் என் திரையில் லாரிகளை மேலிருந்து கீழாக அடுக்கினேன். கீழிருந்து மேலாக அடுக்கினேன். அக்காவின் குரல் போனைத் தாண்டி, எதிர்ப் பட்டறைவரை கேட்டது. "அப்படியாம்மா? மாமா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே," என்றாள் கோகிலா. போனை வைத்தாள். நாற்காலி என் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.

"மாமா, அம்மா எங்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

"எப்போ கண்ணு?"

"ஒரு மாசமா, டெய்லி."

நௌஷாத் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து மெதுவாகக் கழற்றினான். நான் திரைக்கு இன்னும் கிட்டே போனேன்.

"இந்தா பாரு," என்றேன். "எத்தன டன்னுன்னு காட்டற இந்தக் கட்டம் கொஞ்சம் ஒடுக்கமா இருக்கற மாதிரி இல்ல?"

அவள் எழுந்து வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கே, காட்டுங்க," என்றாள்.

ஒரு குறையும் இல்லாத அந்தக் கட்டத்தை, டீ வரும்வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.